தூத்துக்குடி வெக்கையில் ஒரு டப்பா மாவு: வீட்டு பேக்கிங் மிக்ஸின் எட்டு மாதக் கணக்கு

மார்ச் மாதம் முழுக்க மதினி பேக்கரிச் செலவை மட்டும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தனியே எழுதி வைத்தார். பன், டீ கேக், பப்ஸ், ஞாயிற்றுக்கிழமை ஒரு பாக்கெட் ரஸ்க். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் 1,420 ரூபாய். அண்ணன் ஒரு லாரி ஷெட்டில் கணக்கு எழுதுகிறவர். பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். அம்மாவும் அவர்களோடுதான் இருக்கிறாள். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் சாயங்கால டீயோடு தின்பதற்கு மட்டும் இவ்வளவு போகிறதே என்று மதினிக்கு உறுத்தல். பள்ளிக்கூட லீவு வேறு வரப்போகிறது. பகல் முழுக்கப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் "திங்க என்ன இருக்கு" என்ற கேள்வி ஓயாது.

"நீ பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரிதான நடத்துத, இதுக்கு ஒரு வழி சொல்லேன்" என்றார் மதினி.

நான் சொன்ன வழி வீட்டிலேயே ஒரு பொது பேக்கிங் மிக்ஸ் கலந்து வைப்பது. மைதா, பேக்கிங் பவுடர், உப்பு, கொஞ்சம் சர்க்கரை எல்லாம் ஒரே டப்பாவில். வேண்டும்போது ஒரு கப் எடுத்துப் பாலும் முட்டையும் ஊற்றினால் பான்கேக், கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்தால் ஸ்கோன் என்ற சின்ன ரொட்டி, சர்க்கரையும் எண்ணெயும் கூட்டினால் கேக். சத்துமாவும் புட்டுமாவும் வறுத்து டின்னில் போட்டு வைக்கிற வீட்டுக்கு இது புதிய பழக்கம் அல்ல. ஆனால் அமெரிக்கச் செய்முறையைப் பெரிதாக மாற்றாமல் எடுத்துக்கொண்டதால் முதல் டப்பாவில் எங்களுக்கு நஷ்டம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம், எவ்வளவு மிஞ்சியது என்பதை எடை போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். அந்தக் குறிப்பை இங்கே விரித்து எழுதுகிறேன்.

எங்கிருந்து வந்த மாவு

உப்ப வைக்கும் பொருளை மாவிலேயே கலந்து விற்கும் யோசனை பழையது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து ரொட்டிக்காரர் ஹென்றி ஜோன்ஸ் 1845இல் தானே உப்பும் மாவுக்குக் காப்புரிமை வாங்கினார். கப்பலில் மாதக்கணக்காகக் காய்ந்த பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்த மாலுமிகளுக்குப் புது ரொட்டி கிடைக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அந்த மாவில் கொழுப்பு கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதே இடத்துக்குத் திரும்பி வருவோம்.

கொழுப்பையும் சேர்த்தது அமெரிக்கா. 1930இல் ஜெனரல் மில்ஸ் நிறுவனத்தின் விற்பனை அதிகாரி கார்ல் ஸ்மித் ரயிலில் போகும்போது, சாப்பாட்டு நேரம் கடந்த பிறகும் சுடச்சுட பிஸ்கட் வந்தது. அங்கே பிஸ்கட் என்றால் நம் மொறுமொறு பிஸ்கட் அல்ல, மெத்தென்ற சின்ன ரொட்டி. எப்படி இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டதற்கு, பன்றிக்கொழுப்பு, மாவு, பேக்கிங் பவுடர், உப்பு நான்கையும் முன்கூட்டியே பிசிறி ஐஸ் பெட்டியில் வைத்திருப்பதாகச் சமையல்காரர் காட்டினார். மறு வருஷமே அது பிஸ்குவிக் என்ற பெயரில் கடைக்கு வந்தது. கொழுப்பு காறாமல் கடை அலமாரியில் நிற்க வைப்பதுதான் அந்த நிறுவனத்து வேதியியலாளர்களுக்குப் பெரிய வேலையாக இருந்தது.

பிறகு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இதைக் காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும் என்று இண்டியானா மாநிலத்து பர்டூ பல்கலைக்கழகத்தின் மனையியல் துறையிலிருந்து ஒரு செய்முறை பரவியது. பெயர் மாஸ்டர் மிக்ஸ். ஒன்பது கப் மாவுக்கு இரண்டு கப் கெட்டிக் கொழுப்பு, மூன்றில் ஒரு கப் பேக்கிங் பவுடர், ஒரு மேஜைக்கரண்டி உப்பு, கால் கப் சர்க்கரை, கொஞ்சம் கிரீம் ஆஃப் டார்ட்டார் என்ற புளிப்புப் பொடி. ஒரு தடவை பிசிறி வைத்தால் வாரக்கணக்கில் வரும். பண்ணை வீட்டுப் பெண்களுக்குச் சமையல், தையல், வீட்டுக்கணக்கு சொல்லிக்கொடுக்க அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஊர் ஊராக ஆள் அனுப்பிய காலம் அது. 1914ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று அதற்குப் பணம் ஒதுக்கியிருந்தது. சிக்கனத்தைப் பாடமாக எடுத்துச் சொன்ன அந்தப் பெண்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவர்களுடைய துண்டுப் பிரசுரங்களில் எடையும் நேரமும் வெப்பமும் ஒரு ஆய்வகத்துக் குறிப்பைப் போல் இருக்கும்.

நாங்கள் கவனிக்கத் தவறியது அந்த ஐஸ் பெட்டியை.

முதல் டப்பா: ஏப்ரல்

அளவுகளைக் கப்பில் எடுக்க வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தோம். மதினி வீட்டு டம்ளர் 180 மி.லி. பிடிக்கும். சலித்த மைதாவைத் தளர அள்ளினால் அதில் 90 கிராம், மூட்டைக்குள் விட்டு அமுக்கி அள்ளினால் 115 கிராம். ஒரே டம்ளர், ஒரே கை, 25 கிராம் வித்தியாசம். ஒன்பது டம்ளருக்கு அது 225 கிராம் ஆகிவிடும். பேக்கிங் பவுடரின் அளவு மாறாமல் மாவு மட்டும் இப்படிக் கூடிக் குறைந்தால், ஒரு நாள் உப்பும், ஒரு நாள் உப்பாது. அதனால் சமையல் தராசு ஒன்று வாங்கினோம். இந்த வேலையில் நான் மறுபடியும் காசு செலவழிக்கத் தயங்காத ஒரே பொருள் அதுதான்.

மாஸ்டர் மிக்ஸை மனதில் வைத்து, கொழுப்பைக் குறைத்து, இப்படிக் கலந்தோம்: மைதா 1 கிலோ, பேக்கிங் பவுடர் 50 கிராம், பொடியுப்பு 15 கிராம், பொடித்த சர்க்கரை 40 கிராம், பால் பவுடர் 100 கிராம், வனஸ்பதி 250 கிராம். வெண்ணெய் கட்டுப்படியாகாது என்பதால்தான் வனஸ்பதி. அதில் இதயத்துக்கு ஆகாத டிரான்ஸ் கொழுப்பு இருக்குமே என்று அண்ணன் கேட்டார். 2022 ஜனவரியிலிருந்து இந்தியாவில் விற்கும் எண்ணெய், கொழுப்பு எதிலும் அது நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். முன்பு இருந்த அளவுக்குப் பயம் தேவையில்லை, ஆனாலும் தினமும் தின்னும் பொருளும் அல்ல என்று சொன்னேன்.

கலப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. 50 கிராம் பேக்கிங் பவுடரை ஒரு கிலோ மைதாவில் கொட்டிக் கையால் கிளறினால் போதாது. முதலில் ஒரு பிடி மைதாவோடு பேக்கிங் பவுடர், உப்பு, சர்க்கரை மூன்றையும் சேர்த்துச் சலித்து, அதை மறுபடி கால் கிலோ மைதாவோடு சலித்து, கடைசியில் முழு மைதாவோடு இரண்டு தடவை சலிக்க வேண்டும். இல்லையென்றால் பான்கேக்கில் அங்கங்கே மஞ்சள் புள்ளி விழும், கடித்தால் சவர்க்காரச் சுவை அடிக்கும். கடைசியாக வனஸ்பதியை விரல்நுனியால் உதிர்த்து உதிர்த்து, புட்டுமாவுப் பக்குவத்துக்குப் பிசிறினோம். பக்குவம் என்றதும் மதினி என்னை நகரச் சொல்லிவிட்டார். புட்டுக்குப் பிசிறிப் பழகிய கைக்கு இது சொல்லித்தர வேண்டிய வேலை அல்ல.

முதல் இரண்டு வாரம் கொண்டாட்டம். தோசைக்கல்லில் ஊற்றிய பான்கேக் 14 மில்லிமீட்டர் உயர்ந்தது. பெரியவளின் ஜியோமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை வைத்து அளந்தோம். அண்ணன் பேக்கரிப் பக்கம் போகவில்லை.

மூன்றாவது வாரம் அக்னி நட்சத்திரம் பிறந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு மதினி வீட்டு அடுக்களையில் தெர்மாமீட்டர் 36 டிகிரி காட்டியது. டப்பாவின் அடியில் மாவு ஈர மணலைப் போல் ஒட்டிக் கிடந்தது. காறல் வாடை இலேசாக அடித்தது. அதே அளவில் ஊற்றிய பான்கேக் 8 மில்லிமீட்டர்தான் எழும்பியது.

"என்னம்மா இது, மாவு இப்படிக் கட்டிகட்டியாக் கெடக்கு?"

"மதினி, மூடியத் தெறந்து வச்சீயளா?"

"நான் ஏன் தெறந்து வைக்கேன்? அந்த டால்டாதான் உருகிப் போச்சு."

மதினி சொன்னதுதான் காரணம். வனஸ்பதியின் உருகுநிலை 31 முதல் 41 டிகிரிக்குள் இருக்கும். குளிர்ந்த அடுக்களையில் கொழுப்பு கெட்டியாக நின்று, மாவுத்துகளின் மேல் ஒரு போர்வையைப் போல் படிந்து, ஈரத்தை உள்ளே விடாமல் காக்கும். அமெரிக்கச் செய்முறையின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. எங்கள் ஊர் மே மாதத்தில் அந்தப் போர்வை இளகி அடியில் வடிந்துவிடுகிறது. மேலே உள்ள மாவுக்குக் காப்பு இல்லை. பால் பவுடர் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிறது. மைதாவிலேயே நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு ஈரம் இருக்கிறது. இதற்கு நடுவில் பேக்கிங் பவுடர் டப்பாவுக்குள்ளேயே மெல்ல மெல்ல வேலையை முடித்துக்கொள்கிறது; அடுப்பில் வைக்கும்போது அதனிடம் வாயு மிச்சம் இல்லை. 400 கிராம் மாவைக் கொட்ட வேண்டியதாயிற்று.

இரண்டாம் டப்பா: கொழுப்பு இல்லாமல்

ஃபிரிட்ஜில் வைத்தால் என்ன என்று கேட்கலாம். மதினி வீட்டு ஃபிரிட்ஜ் சின்னது; இட்லி மாவும் பாலும் மீன் குழம்பும் போக இடமில்லை. இடம் இருக்கிறவர்கள் முதல் டப்பாவின் செய்முறையை ஃபிரிட்ஜில் வைத்துத் தாராளமாகப் பின்பற்றலாம், ஸ்கோன் நன்றாக வரும்.

நாங்கள் கொழுப்பையே எடுத்துவிட்டோம். ஹென்றி ஜோன்ஸின் கப்பல் மாவுக்குத் திரும்பிவிட்டோம் என்று வையுங்கள். எண்ணெயைச் சமைக்கும்போது ஊற்றிக்கொள்வது, டப்பாவில் உலர்ந்த பொருள் மட்டும். இந்த ஒரு மாற்றத்தில் இரண்டு லாபம். டப்பா வெக்கையைத் தாங்கியது. மே மாதக் கடைசியில் கலந்த மாவு ஜூன் கடைசி வரைக்கும் 13 மில்லிமீட்டருக்குக் குறையாமல் எழும்பியது. இன்னொன்று, ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்கும் பாமாயிலை வைத்தே வேலை நடந்தது. பாமாயிலுக்குத் தனி மணம் கிடையாது. கேக்கில் கடலெண்ணெயோ நல்லெண்ணெயோ ஊற்றினால் மணம் முன்னால் வந்து நிற்கும். 130 கிராம் மாவுக்கு 25 கிராம் எண்ணெய் போட்டால் முதல் டப்பாவின் விகிதத்தைவிடக் கொழுப்பு கொஞ்சம் குறைவுதான்.

இழப்பும் உண்டு. ஸ்கோனில் அடுக்கு அடுக்காகப் பிரியும் தன்மை போய்விட்டது. அதற்குக் கெட்டிக் கொழுப்பு துண்டு துண்டாக மாவுக்குள் நிற்க வேண்டும். எண்ணெயில் அது நடக்காது. விருந்தாளி வரும் நாளில் மட்டும் 30 கிராம் குளிர்ந்த வெண்ணெயைத் தேங்காய்த் துருவியில் துருவி மாவோடு பிசிறிக்கொள்கிறார் மதினி.

விலை எங்கே ஒளிந்திருக்கிறது

ஜூலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நாங்கள் வாங்கிய விலைப்படி மைதா கிலோ 55 ரூபாய். பேக்கிங் பவுடர் 50 கிராம் 23 ரூபாய். பால் பவுடர் 100 கிராம் 48 ரூபாய். சர்க்கரையும் உப்பும் சேர்ந்து இரண்டரை ரூபாய். ஆக, 1,205 கிராம் மிக்ஸுக்கு ஏறத்தாழ 128 ரூபாய். எங்கள் தெரு முக்கில் உள்ள கடையில் பான்கேக் மிக்ஸ் வாங்கினால் இதுபோல் இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டும். அந்த வகையில் மலிவுதான். ஆனால் கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எடையில் எட்டில் ஒரு பங்குகூட வராத பேக்கிங் பவுடரும் பால் பவுடரும் சேர்ந்து 71 ரூபாய். பாதிக்கு மேல் காசு அங்கேதான் போகிறது. மைதாவை இரண்டு ரூபாய் குறைவாகக் கொடுக்கும் கடை தேடி வெயிலில் அலைந்து பயனில்லை.

பால் பவுடர் ஏன் இதுபோன்ற சில அமெரிக்கச் செய்முறைகளில் வந்தது? தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும் என்ற வசதிக்காக. பக்கத்து வீடே மைல் கணக்கில் தள்ளி இருக்கும் பண்ணை வீட்டுக்கு அது நியாயம். இங்கே காலை ஐந்தரைக்கு ஆவின் பாக்கெட் வாசலுக்கு வருகிறது. 100 கிராம் பவுடரைக் கரைத்தால் ஏறக்குறைய முக்கால், ஒரு லிட்டர் பால். அதே 48 ரூபாய்க்கு அதைவிட அதிகமாகவே பால் வாங்கலாம். மூன்றாம் டப்பாவில் பால் பவுடரை எடுத்தோம். 1,105 கிராம் மிக்ஸ், 80 ரூபாய். டப்பா இன்னும் நீண்ட நாள் தாங்கியது, ஈரம் இழுக்கும் பொருள் ஒன்று குறைந்துவிட்டதே.

ஆகஸ்ட் மாதம் பேக்கரிச் செலவு 360 ரூபாய்க்கு இறங்கியது. மூன்று டப்பா மிக்ஸ் 240, பாமாயில் 25, முட்டை 150, கூடுதல் பால் 130, சர்க்கரையும் கருப்பட்டியும் 70, கேஸ் சுமார் 60. மொத்தம் 1,035. மார்ச்சோடு பார்த்தால் 385 ரூபாய் மிச்சம். மதினியின் முகத்தில் பெரிய சந்தோஷம் இல்லை, எனக்கும்தான். மிக்ஸுக்கு ஆன செலவைவிட முட்டைக்கும் பாலுக்கும் ஆன செலவு அதிகம். வீட்டில் மிக்ஸ் கலந்தால் பாதிக் காசு மிச்சம் என்று சொல்கிறவர்கள் டப்பாவுக்குள் போகும் பொருளுக்கு மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள். தட்டுக்கு வரும் வரைக்கும் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

நான்காம் டப்பா: சோடாவும் புளித்த மோரும்

தீர்வு அம்மாவிடமிருந்து வந்தது. "அப்பத்துக்கு நாம எப்ப பேக்கிங் பவுடர் போட்டோம்?" என்றாள்.

பேக்கிங் பவுடர் என்பது சோடா மாவும், அதோடு சேர்ந்து பொங்க வைக்கும் ஒரு புளிப்பு உப்பும், இரண்டையும் தள்ளி வைக்கக் கொஞ்சம் ஸ்டார்ச்சும்தான். அந்தப் புளிப்பு எங்கள் வீட்டில் மோர்ப் பானையில் தினமும் இருக்கிறது. சோடா மட்டும் என்றால் பேக்கிங் பவுடரில் கால்பங்கு போதும். ஒரு கிலோ மைதாவுக்கு 13 கிராம் சோடா மாவு, 15 கிராம் உப்பு, 40 கிராம் சர்க்கரை. விலை 60 ரூபாய்க்குள். 130 கிராம் மாவுக்கு நன்றாகப் புளித்த கெட்டி மோர் 160 மி.லி. ஊற்றிக் கலந்தால், முட்டை இல்லாமலே மாவு பொங்கி எழும்பும். கலந்த உடனே அடுப்பில் ஊற்றிவிட வேண்டும். பேக்கிங் பவுடர் சூடு பட்ட பிறகும் இரண்டாம் தடவை வாயு விடும். சோடாவும் மோரும் சேர்ந்தால் கிண்ணத்திலேயே பெரும்பகுதி முடிந்துவிடும். பத்து நிமிஷம் போன் பேசிவிட்டு வந்தால் தட்டையான தோசைதான் கிடைக்கும்.

இந்த டப்பாவில் ஒரு அபாயமும் உண்டு. ஒரு நாள் காலை அண்ணன் பிள்ளைகளுக்குத் தானே பான்கேக் சுட்டுக்கொடுத்தார், இந்த மாவில், மோருக்குப் பதில் பாலை ஊற்றி. பாலில் சோடாவைத் தணிக்கும் அளவுக்குப் புளிப்பு இல்லை. பான்கேக் ஒரு நிமிஷத்தில் கருஞ்சிவப்பாகிவிட்டது, வாயில் வைக்க முடியாத கைப்பு. சோடா மிஞ்சினால் மாவு வேகமாகச் சிவக்கும், சவர்க்கார வாடை வரும். அன்று முதல் பேக்கிங் பவுடர் டப்பாவுக்குப் பச்சை மூடி, சோடா டப்பாவுக்குச் சிவப்பு மூடி. சிவப்பு மூடிக்கு மோர், பச்சை மூடிக்குப் பால். சின்னவனுக்குக்கூட இது மனப்பாடம்.

செப்டம்பரில் பச்சை மூடி ஒன்று, சிவப்பு மூடி இரண்டு கலந்தோம். பேக்கரி 300, மிக்ஸ் 198, பாமாயில் 25, முட்டை 60, பால் 50, இனிப்பு 70, கேஸ் 60. மொத்தம் 763 ரூபாய். மிச்சம் 657. மோரைச் செலவில் சேர்க்கவில்லை, அது முன்பும் மிஞ்சிக் கொட்டப்பட்ட மோர்தான்.

என்னென்ன செய்கிறார்கள்

அதிகம் ஓடுவது பணியாரக்கல். இதற்கு மட்டும் தனியாக ஒரு பக்கம் எழுதலாம். மஃபின் தட்டும் ஓவனும் இல்லாத வீட்டில் பணியாரக்கல்தான் மஃபின் தட்டு. சிவப்பு மூடி மாவு 130 கிராம், நன்றாகக் கனிந்த நாட்டு வாழைப்பழம் ஒன்று மசித்தது, உடன்குடிக் கருப்பட்டி 40 கிராம் தட்டிக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து வடிகட்டியது, மோர் 100 மி.லி., எண்ணெய் இரண்டு கரண்டி, ஒரு ஏலக்காய். கருப்பட்டிக் கரைசல் ஆறிய பிறகே சேர்க்க வேண்டும், சூடாக ஊற்றினால் சோடா அங்கேயே பொங்கித் தீர்ந்துவிடும். குழியில் முக்கால் பங்கு ஊற்றி, மூடி போட்டு, சிம்மில் நான்கு நிமிஷம், திருப்பி இரண்டு நிமிஷம். பதினான்கு, பதினைந்து வரும். வெள்ளைச் சர்க்கரையில் செய்ததைவிட இது மறுநாளும் மெத்தென்று இருக்கிறது. பள்ளிக்கூட டிபன் டப்பாவில் மத்தியானம் வரைக்கும் காயாமல் நிற்கும் பலகாரம் மதினிக்குக் கிடைத்துவிட்டது.

பான்கேக்குக்குப் பச்சை மூடி மாவு 130 கிராம், முட்டை ஒன்று, பால் 150 மி.லி., எண்ணெய் ஒரு மேஜைக்கரண்டி. கட்டி இருந்தால் இருக்கட்டும், அடித்துக் கரைக்கக் கூடாது. அடிக்க அடிக்க மைதா இழுவையாகி ரப்பரைப் போல் ஆகும்.

குக்கர் கேக் பிறந்தநாளுக்கு. பச்சை மூடி மாவு 260 கிராம், சர்க்கரை 150, முட்டை இரண்டு, பாமாயில் 80 மி.லி., பால் 180 மி.லி. குக்கருக்குள் தண்ணீர் கூடாது. அடியில் ஒரு அங்குலம் மணலோ கல்லுப்போ பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, பத்து நிமிஷம் காய விட்டு, கேக் பாத்திரத்தை இறக்க வேண்டும். மூடியிலிருந்து கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும், இதில் சமரசமே கிடையாது. சிம்மில் 40 நிமிஷம். தினமும் சோறு வைக்கும் அலுமினியக் குக்கரைத் திரும்பத் திரும்பத் தண்ணீர் இல்லாமல் காயவிட்டால் அடி கெடும். பழைய குக்கர் ஒன்றை இதற்கென்று ஒதுக்குவது நல்லது.

சிவப்பு மூடி மாவில் மைசூர் போண்டா தானாக வருகிறது, கெட்டி மோர், இஞ்சி, மிளகாய், தேங்காய்ச் சில்லு சேர்த்தால் போதும். ஆனால் டப்பாவில் உள்ள சர்க்கரையால் சீக்கிரம் சிவக்கும், தீயைக் குறைத்துப் பொரிக்க வேண்டும். சப்பாத்திக்கும் பரோட்டாவுக்கும் இந்த மாவு ஆகாது.

அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. மைதா வேண்டாமே என்று கேழ்வரகு மாவு கலந்து பார்த்தோம். பத்துக்கு மூன்று பங்கு வரைக்கும் குறை தெரியவில்லை. பாதிக்குப் பாதி போட்டதும் பணியாரம் உதிர்ந்தது; கேழ்வரகில் மாவைக் கட்டிப் பிடிக்கும் இழுவைச் சத்து இல்லை. ரேஷன் கோதுமையை மில்லில் அரைத்துச் சலித்த மாவு பாதி வரைக்கும் தாங்கியது, மோர் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் குடித்தது. கேழ்வரகு கலந்தால் சர்க்கரை ஏறாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அம்மாவின் தட்டில் எத்தனை பணியாரம் என்பதுதான் கணக்கு, மூன்றோடு நிறுத்துகிறோம். இரத்த அழுத்தம் இருப்பவர்கள் டப்பாவில் உப்பைப் பாதியாக்கலாம், ஏனென்றால் சோடா வழியாகவும் சோடியம் சேர்கிறது.

ஐப்பசி மழை

அக்டோபரில் மழை பிடித்தது. ஒரு வாரம் துணி காயவில்லை. பச்சை மூடி டப்பாவில் மேலாக ஒரு விரல்கடைக்கு மாவு உறைந்து கட்டியாகியிருந்தது. இந்தத் தடவை டப்பாவில் வனஸ்பதியும் இல்லை, பால் பவுடரும் இல்லை. விசாரித்தால், சின்னவன் பால் அளந்த ஈரக் கரண்டியையே டப்பாவுக்குள் விட்டிருக்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. தினமும் நாலு தடவை திறக்கிற பெரிய டப்பா, மழைக்காலக் காற்று, ஒரு சொட்டு ஈரம்.

கெட்டதா இல்லையா என்று பார்க்க ஒரு கரண்டி மாவைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டோம். உடனே நுரைத்துப் பொங்கினால் உயிர் இருக்கிறது. மேல்மாவு சும்மா கிடந்தது, அடிமாவு பொங்கியது. மேலே இருந்த 200 கிராமை மட்டும் எடுத்துவிட்டோம். மாவு கலப்பதற்கு முன்னால் பேக்கிங் பவுடரை இதே முறையில் சோதித்துக்கொள்வது இப்போது வழக்கமாகிவிட்டது. கடையில் எத்தனை மாதம் கிடந்த டப்பாவோ!

பெரிய டப்பாவை நிறுத்திவிட்டு, காலி ஹார்லிக்ஸ் பாட்டில்களில் பிரித்து வைக்கிறோம். ஒரு கலவை இரண்டரைப் பாட்டில் வரும். ஒரு பாட்டில் தீர்ந்த பிறகுதான் அடுத்தது திறக்கப்படும். மழைக்காலத்தில் பாதி அளவுதான் கலப்பது. மாவைக் கரண்டியால் எடுக்காமல், தராசின் மேல் கிண்ணத்தை வைத்துப் பாட்டிலைச் சாய்த்துக் கொட்டுவது. இந்தக் கடைசிப் பழக்கம் வந்த பிறகு ஈரக் கரண்டிக்கே இடமில்லை.

வண்டு வந்தது ஒரே தடவை, சில்லறையாக வாங்கிய மைதாவில். பேக்கிங் பவுடர் கலந்த பிறகு மாவை வெயிலில் காயவைக்கக் கூடாது என்பதால் வழக்கமான வைத்தியம் பலிக்காது. கலப்பதற்கு முன்னால் மைதாவை மட்டும் பொட்டலமாகவே ஒரு வாரம் பிரீசரில் வைத்து எடுக்கிறோம். எடுத்ததும் பிரித்துவிடக் கூடாது, அறைச் சூட்டுக்கு வரும் வரைக்கும் பொட்டலம் மூடியே இருக்க வேண்டும். குளிர்ந்த மாவில் காற்று பட்டால் வேர்த்து ஈரமாகிவிடும்.

நவம்பர் மாதப் பேக்கரிச் செலவு 280 ரூபாய். அதில் பெரும்பகுதி அண்ணனுடைய பப்ஸ். பப்ஸுக்கு இந்த டப்பாவில் வழி இல்லை, அதற்கு அடுக்கு மாவு வேண்டும். மதினி இப்போது தன் தங்கைக்கும் சேர்த்து இரண்டு கிலோவாகக் கலக்கிறார். டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு எதிர்வீட்டு அக்கா கேட்ட பழக் கேக்கைப் பச்சை மூடி மாவில் செய்ய முடியுமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார். உலர்பழத்தின் கனத்தில் மாவு அமுங்கிவிடாமல் இருக்கப் பேக்கிங் பவுடர் உள்ள மாவோடு பங்குக்குப் பங்கு வெறும் மைதாவும் கலந்து, முட்டை ஒன்று கூட்டி, வரும் ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ அளவில் ஒன்று சுட்டுப் பார்க்கப் போகிறோம்.